போடியார் இல்லாத போடியார் வீடு

மாமி, என் மனைவியின் தாய், தன் வீட்டை முதன்முதலாகப் பூங்காவில் பார்க்க வந்த அன்று, விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் ஒரு பெரிய மீசைக்காரர் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பட்டு வேட்டி, தோளில் சால்வை, பக்கத்தில் வெற்றிலைத் தட்டம். மாமி படியில் ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் மனே நீ?”

“நான் போடியார், அம்மா.”

“எந்தப் போடியார்?”

“இந்த வீட்டுப் போடியார்.”

“இந்த வீட்டுக்கு வாழ வந்த ஆம்புளையள் எல்லாரையும் எனக்குத் தெரியும். உன்னைத்தான் தெரியல்ல. நீ இங்க ஆரைக் கலியாணம் முடிச்சிரிக்காய்?”

மீசைக்காரர் எழும்பி நின்றுவிட்டார். முன்பு ஓட்டமாவடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். பென்சன் எடுத்த பிறகு பூங்காவில் போடியார் வேசத்தில் இருக்க ஆளெடுத்தபோது, கம்பீரமான உடம்பு என்று அவரைப் பிடித்தார்கள். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்காரர். “நான் காலையில வந்து மீசையை ஒட்டிக்கிட்டு இரிக்கிற ஆள், அம்மா. என்னோட கோவிக்க வேணாம்” என்றார் பாவம். மாமி என் பக்கம் திரும்பி, “மருமகன், அந்தப் பலகையில என்ன எழுதியிரிக்கி?” என்று கேட்டார். மாமிக்கு எழுத்துத் தெரியாது. நான் படித்தேன். “போடியார் வீடு” என்று இருந்தது.

பிள்ளைகளே, பழைய காலத்துக் கட்டடங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிற அந்தப் பூங்காவுக்கு உங்களில் பலர் வந்திருப்பீர்கள். நான் அங்கே புல் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, உடைந்த ஓடு மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்கிறவன். அதிகம் படிக்கவில்லை, சாதாரணதரப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூட பஸ் வாவிக்கரையில் வந்து நிற்பதையும், ரீச்சர்மார் உங்களை வரிசையில் கூட்டி வருவதையும், ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் நின்று பலகையில் உள்ளதை நீங்கள் கொப்பியில் எழுதுவதையும் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்வேன். மீன்பிடிகாரரின் வாடி, வயல் காவல் பரண், ஓலைப் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய படங்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவை. ஓட்டு வீடு மட்டும் உண்மையிலேயே பழையது. பெரியகல்லாற்றில் நின்ற வீட்டைக் கழற்றி, லொறியில் ஏற்றி வந்து, இங்கே திரும்பவும் பொருத்திப் பூட்டினார்கள். அது என் மனைவியின் வீடு. அதற்கு முன்பு மாமியின் வீடு. அதற்கும் முன்பு மாமியின் தாயின் வீடு. நீங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு போனது இது அல்ல என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு பையில் நாலு உடுப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வாழ வந்தவன்தான். கலியாணச் சத்தம் அடங்கியதும் மாமி தன் சேலைகளையும் சட்டி பானைகளையும் எடுத்துக்கொண்டு பின்வளவில் கட்டியிருந்த சின்ன வீட்டுக்குப் புறப்பட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்ததும் வராததுமாக ஒரு மனுசியை வெளியே அனுப்புவதா என்று வாசலில் நின்று மறித்தேன். “விலகுங்க மருமகன். நான் உள்ளுக்க இரிந்தா மகள் எப்ப வீட்டுக்காரியாகிற? என்ட அம்மாவும் இப்பிடித்தான் போன” என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போனார். அழவில்லை. பின்வளவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தே என் மனைவியைக் கூப்பிட்டு, வீட்டை இன்னும் ஏன் கூட்டவில்லை என்று அதட்டினார்.

பல வருடம் கழித்து வீட்டின் மரங்களைக் கறையான் தின்றுவிட்டது. திருத்த எங்களுக்கு வழியில்லாதிருந்த நேரத்தில்தான் பூங்காக்காரர் வந்தார்கள். பழுதான மரத்தை மாற்றி வீட்டைக் காப்பாற்றுவோம், அதே வளவில் உங்களுக்குக் கல்வீடு கட்டித் தருவோம் என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னிடம், “வீட்டுக்காரர் நீங்களா?” என்று கேட்டார். “இல்ல சேர், வீட்டுக்காரி குசினிக்க நிக்கிறா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார்கள். என் மனைவி வெளியே வந்து, அம்மாவைக் கேட்க வேண்டும் என்றாள். மாமி பின்வளவிலிருந்து வந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “கொண்டு போங்க. ஆனா தாய் மகளுக்குக் குடுத்த வீடெண்டு எழுதி வைக்கணும். பேர் ஒண்டும் போட வேணாம், கண்ணூறு படும்.” வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மாமி வீட்டைக் கொடுத்தார்.

கழற்றும்போது பின்வளவுச் சின்ன வீட்டை அவர்கள் தொடவில்லை. அது பிறகு கட்டினது, பழசு இல்லை என்றார்கள். தாய் விலகிப் போய் இருக்கிற அந்த வீடும் சேர்ந்தால்தானே இது எங்கள் ஊர் வீடாகும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். படத்தில் நல்லாய் விழாது என்று பதில் வந்தது. ஓட்டையும் மரத்தையும் கொண்டு போனவர்கள் வீட்டின் கதையை வளவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

பலகையை மாற்றச் சொல்லி நான் நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. கூட்டத்தில் பேச வேண்டும் என்றார்கள். கூட்டம் நடக்கும். அதில் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றிப் பேசி முடித்து எழும்பிவிடுவார்கள். அதிகாரி மாறிப் போவார். புதியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவரும் என்னை ஏசவில்லை, விரட்டவில்லை. தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். அதில்தான் எனக்கு அதிகம் கோபம். ஒரு முகாமையாளர், மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாள் வெளிப்படையாகவே சொன்னார். “அண்ணன், பொம்புளைட வீடெண்டு எழுதினா அந்தக் கதிரையில ஆரை இருத்துற? மீசையெல்லாம் வாங்கியாச்சே.”

“நீங்க இப்ப ஆர்ர வீட்டில இரிக்கிறீங்க சேர்?”

“என்ட வீட்டிலதான்.”

“அது மிஸ்ஸுக்குக் குடுத்த வீடெல்லோ?” என்று அவருடைய மனைவியைச் சொல்லிக் கேட்டேன்.

“ஓம், அவட அம்மா குடுத்த. அதுக்கு என்ன?” என்றார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. மாமியார் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு என் வீடு என்று சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய். அந்த வாய்க்கு இந்த வீட்டையும் ஒரு ஆம்பிளையின் வீடு என்று எழுதுவதில் என்ன பிழை தெரியும்? எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம்.

இருந்தாலும் அவர்தான் ஒருவழியாகப் பலகையை மாற்றுவித்தார். எங்களுக்குச் சொல்லியும் அனுப்பினார். மாமி நல்ல சேலை உடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறி வந்தார். முற்றத்தில் நின்று, “படியுங்க” என்றார். “போடியார் தன் மகளுக்குச் சீதனமாக வழங்கிய வீடு” என்று புதிய பலகையில் இருந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே படித்தேன்.

“போடியார் குடுத்தாராமா?”

“ஓம் மாமி.”

மாமியின் தகப்பன் போடியார் ஒருவரின் வயலில் வேலையாட்களைப் பார்த்துக்கொண்டவர். அந்த வீட்டில் ஒரு ஓடு கூட அவருடையது இல்லை. பலகை அவரைப் போடியாராக்கிவிட்டது. “அப்பா கேட்டிரிந்தா சந்தோசப்பட்டிரிப்பார்” என்றார் மாமி. அவர் சிரிக்கவில்லை. படியேறிப் போய்க் கண்டக்டர் ஐயாவுக்கு முன்னால் நின்று, “எழும்பு மனே, எனக்குக் கால் உளையிது” என்றார். அவர் எழும்பி இடம் விட்டார். ரீச்சர் ஒருவர் பிள்ளைகளோடு வந்து, கதிரையில் ஒரு மனுசி இருப்பதைக் கண்டு, போடியார் எங்கே என்று கேட்டார். “ஆம்புளையள் எல்லாம் வெளியில” என்றார் மாமி. அந்தப் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதவில்லை.

மாமி இப்போது இல்லை. கல்வீடு என் மகளுக்கு. அவளுக்குக் கலியாணம் ஆனதும் நானும் மனைவியும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போவோம். அதற்காக அதன் கூரையைத் திருத்தி வைத்திருக்கிறேன்.

போன வருடம் பெரிய ஆட்கள் யாரோ பூங்காவைப் பார்க்க வருகிறார்கள் என்று, மங்கிப்போன பலகைகளுக்கெல்லாம் மேலால் எழுதச் சொன்னார்கள். தந்தது ஒரு சின்னத் தகரப் பேணிக் கறுப்புப் பெயின்ட். எல்லாப் பலகைக்கும் அது காணாது என்று முன்பே சொன்னேன், சமாளி என்றார்கள். மற்றவற்றை முடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பலகைக்கு வந்தபோது அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. நான் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கினேன். வீடு, வழங்கிய, சீதனமாக, மகளுக்கு. அதோடு பேணி காய்ந்துவிட்டது. முகாமையாளர் வந்து பார்த்து, முன்னுக்கு இரண்டு சொல் விடுபட்டிருக்கிறதே என்றார். “கறுப்பு முடிஞ்சி சேர்” என்று பேணியைக் கவிழ்த்துக் காட்டினேன். அடுத்த மாதம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். நானும் கேட்கவில்லை, இன்றுவரை வரவில்லை. வெயிலில் அந்த முன் சொற்கள் இப்போது அறவே தெரிவதில்லை.

கொடுத்தது யார் என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள் என்று, பஸ் வரும் நாட்களில் அந்த முற்றத்துப் புல்லையே வெட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் இருக்கிறதை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறீர்கள்.