நெட்புக்கில் இடமில்லை

என் மகள் எதையாவது ஃப்ரீ என்று சொன்னால் எனக்கு உடனே காது விடைத்துக்கொள்ளும். ஷார்ஜா ரோலாவில் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தானாக வந்துவிடும். ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்ற பிரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தேதி முடிய ஒரு நாள்தான் இருக்கும். பரிசு விழுந்திருக்கிறது என்று போனில் தேனாகப் பேசுகிறவன் கடைசியில் ஓடிபி கேட்பான். அதனால் அவள் வந்து, "அம்மா, என் நெட்புக்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம், டோட்டலா ஃப்ரீ" என்றதும், நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு, "யாரு குடுக்குறா, எதுக்குக் குடுக்குறா?" என்று கேட்டேன்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு. ஏப்ரலில் பள்ளி திறந்தபோது வாங்கிய நெட்புக் அது. லேப்டாப்பிலேயே சின்னது, விலையும் கம்மி. உள்ளே இருக்கும் இடம் வெறும் முப்பத்திரண்டு ஜிபி. அதையும் போர்டோடு ஒட்டிவைத்திருப்பார்களாம், பெரிதாக மாற்ற முடியாது. டிசம்பருக்குள் அது படுத்துவிட்டது. விண்டோஸ் ஒவ்வொரு நாளும் அப்டேட் போடு என்று சொல்லும். போடப் போனால் இடமில்லை என்று சொல்லும். ப்ராஜெக்ட் ஃபைலை சேவ் செய்தால் அதற்கும் இடமில்லை. பாட்டு, போட்டோ, பழைய நோட்ஸ் எல்லாவற்றையும் அவள் அழித்துப் பார்த்துவிட்டாள். இடம் நிறைந்துவிட்டது என்று காட்டும் அந்தச் சிவப்புக் கோடு இம்மி அசையவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நெட்புக்கை வாங்கிய அன்றைக்கே, மகளையும் என் வீட்டுக்காரரையும் ஜூஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரரிடம் நான் மெதுவாகக் கேட்டேன். "பொம்பளப் புள்ள. ஒரு கண்ணு வச்சுக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பல அம்மாக்களைப் பார்த்தவர்போலத் தலையாட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் எதையோ போட்டுக் கொடுத்தார். அவள் திரையில் என்ன இருக்கிறதோ அதை அது படம் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தால் படங்கள் வரிசையாக வரும். அவள் பள்ளிக்குப் போன பிறகு, டீயை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து பார்ப்பேன். அவளுக்குத் தனி போன் கிடையாது. ஆகவே வெளி உலகம் என்று ஒன்று இருந்தால் அது இந்த நெட்புக் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே மகளுக்குப் போய்விடும். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ரகசியம் தங்காது. எட்டு மாதமாகப் பார்த்தேன். முதலில் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. ஒன்றும் சிக்கவில்லை. கெமிஸ்ட்ரி, கணக்கு, குவைத்தில் ஃபஹாஹீலுக்கு மாறிப்போன பழைய தோழிக்கு ஒரு குட்மார்னிங். பதினைந்து வயசுப் பெண் இவ்வளவு சுத்தமாகவா இருப்பாள்? அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இப்போது லினக்ஸ் வந்தால், விண்டோஸோடு சேர்ந்து என் வேவும் போய்விடும். போனால்கூடப் பரவாயில்லை. போகிற வழியில் அவள் கண்ணில் பட்டுவிட்டால்? அதற்கப்புறம் என் பிள்ளை என்னை நம்பி ஒரு வார்த்தை பேசுவாளா? எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதனால் வாழ்க்கையில் முதல் முறையாக, எனக்கு ஒரு எழவும் தெரியாத விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன்.

அவள் லினக்ஸ் வகைகளை நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். எது எவ்வளவு இடம் பிடிக்கும், எது பழைய மெஷினில் ஓடும், எதில் அவள் பள்ளி வெப்சைட் திறக்கும் என்று மூன்று பத்தி.

"இது பப்பி. ரொம்பச் சின்னது. ஒரு ஜிபிகூட வராது."

"பப்பின்னா நாய்க்குட்டியா? நாய்க்குட்டிய நம்பி போர்டு எக்ஸாம் எழுதப் போறியா?"

"சரி, அத விடு. இது லுபுண்டு. விண்டோஸ் மாதிரியே இருக்கும். இருக்குற எடத்துல கால்வாசிகூடப் பிடிக்காது. ஆஃபீஸ், பிரவுசர் எல்லாம் கூடவே வருது."

"இவ்வளவு கொறஞ்ச எடத்துல எல்லாம் இருக்குன்னா எதையோ விட்டுட்டான்னு அர்த்தம். ஆன்டிவைரஸ் இருக்கா?"

"லினக்ஸுக்கு அது அவ்வளவா தேவைப்படாதும்மா."

"கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு தேவப்படாதுதான்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை. இவள் ஏன் இதற்கு இவ்வளவு துடிக்கிறாள், எதை மறைக்க இந்த ஏற்பாடு என்றுதான் என் புத்தி போனது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரும் சேர்ந்துகொண்டார். துபாயிலிருந்து இரண்டு மணி நேர டிராஃபிக்கில் வந்த மனுஷன், தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "புள்ள சொல்றது சரியாத்தான இருக்கு. நீ ஏன் விண்டோஸுக்கு இப்பிடி வக்காலத்து வாங்குற? உங்கப்பா எழுதி வச்ச சொத்தா அது?" மகள் சிரிக்கவில்லை. நான் அவருக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றி வாயை அடைத்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் நெட்புக்கை ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "லினக்ஸெல்லாம் எதுக்குக்கா? நம்மகிட்ட லைட் விண்டோஸ் இருக்கு. வேண்டாததெல்லாம் வெட்டி எடுத்தது. பாதி எடம்தான் புடிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம சாமானையும் அதுலயே போட்டுத் தரேன். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

நம்ம சாமான். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும் இந்த ஆளுக்கும் என்ன நம்ம? உள்ளே என் மகளுடைய எட்டு மாதம் இருக்கிறது. அவள் எழுதியது, தப்பாக எழுதி அழித்தது, தலைமுடி கொட்டுவதற்கு மருந்து தேடியது எல்லாம். பாஸ்வேர்டை வைத்துக் கொடுத்ததே இவர்தான். ரெண்டு நாள் இவர் கையில் இருந்தால் எதைப் பார்ப்பார், எதை எடுத்துக்கொள்வார்? நான் பார்க்கலாம், இவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நான் ஏன் பார்க்கலாம் என்ற கேள்வி கூடவே வந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கடைசியில் அவள் ஒரு சமரசம் சொன்னாள். எதையும் அழிக்க வேண்டாம். லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ். நான் என் பங்குக்கு நாலு கேள்வி கேட்டேன். நாலுக்கும் அவளிடம் பதில் இருந்தது. மறுப்பதற்கு இனி என்னிடம் காரணம் இல்லை. இருந்த ஒரு காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை. ஷார்ஜாவில் வெள்ளி வார விடுமுறை என்பதால் அவளுக்கு லீவு, அவருக்கு துபாயில் டியூட்டி. ஹாலில், அவள் படுக்கும் சோபாவிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்களுடையது ஒரு பெட்ரூம் வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது. பென்டிரைவைச் செருகி ஆன் செய்ததும் ஒரு கறுப்புத் திரையில் எழுத்து ஓடி, பிறகு நீலமாக ஒன்று திறந்தது. பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது.

"எடத்த எது சாப்பிடுதுன்னு பாப்போம்" என்று எதையோ தட்டினாள். நெட்புக்கின் உள்ளே இருப்பதெல்லாம் கலர் கலராகக் கட்டமாக வந்தது. அதில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பதினோரு ஜிபி. பெயர் வெறும் எண். விண்டோஸில் அந்த வேவுச் சாமான் ஒளித்து வைத்திருந்த ஃபோல்டர். இங்கே அதற்கு ஒளிய இடமில்லை.

"அது விண்டோஸோடதா இருக்கும். தொடாத" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் திறந்தாள். படங்கள். கெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி, கணக்கு, குட்மார்னிங். அவள் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு படமாக எட்டு மாதம். பிள்ளையின் ப்ராஜெக்டுக்கு இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது என் சந்தேகம்தான். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான், "அந்தக் கடைக்காரன் போட்டிருப்பான்" என்றேன்.

"அம்மா" என்றாள், மெதுவாக. "எனக்கு ஜூன்ல இருந்தே தெரியும்."

சோபாவில் கிடந்த அவள் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"ஒரு நாள் சாப்பிடும்போது நீ கேட்ட. 'உன் ஃப்ரெண்டு ஃபஹாஹீல விட்டு ஊருக்கே போறாளாமே, பாவம்'னு. யார் சொன்னான்னு கேட்டேன். அவங்க அம்மா வாட்ஸாப்ல சொன்னாங்கன்ன. வேல போச்சு, ஊருக்குப் போகணும்னு அவங்கப்பா போன்ல பேசுனத அவ ஒளிஞ்சு நின்னு கேட்டா. என்கிட்ட மட்டும்தான் டைப் பண்ணா. அன்னைக்கு அது அவங்க அம்மாவுக்கே தெரியாதும்மா."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்லிவிட்டு அப்பளம் எடுத்துப் போட்டதுகூட நினைவிருந்தது.

"அப்புறம்?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"அப்புறம் நீ பாப்பன்னு தெரிஞ்சுதான் எல்லாம் டைப் பண்ணேன். நீ பாத்தாப் பயப்படாத மாதிரி. கெமிஸ்ட்ரி நிஜம். அது நடிப்பு இல்ல. ஆனா அவ தினமும் அழுதுக்கிட்டே மெசேஜ் பண்ணா. அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரு, அம்மா நகைய எடுத்து வைக்கிறாங்கன்னு எல்லாம் சொன்னா. என்னால எதையும் எழுத முடியல. அது அவ வீட்டு விஷயம், நீ படிப்ப. 'டோன்ட் வொரி, ஸ்டடி வெல்'னு அனுப்பினேன். ரெண்டு தடவ அதையே அனுப்பினேன். அதோட அவ பேசறத விட்டுட்டா. குட்மார்னிங் போட்டாலும் பதில் இல்ல."

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே பார்த்து, என் பிள்ளை எவ்வளவு அளந்து பேசுகிறாள், நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது. அன்று அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"நீயே சொல்லு, எத வச்சுக்கலாம்?" என்று கேட்டாள். "இந்த ஃபோல்டர மட்டும் அழிச்சாலே விண்டோஸ் ஓடும். லினக்ஸே வேண்டாம். ஆனா அது மறுபடி எடுக்க ஆரம்பிக்கும். வேணும்னா வச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. "முழுசா அழி. நீ சொன்னதையே போடு" என்றேன்.

"ஷ்யூரா?"

"அழிடி."

அவள் எதையோ தேர்ந்தெடுத்தாள். டிஸ்க் முழுக்க அழியும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அதற்கு ஆமாம் என்றாள். அடுத்த பக்கத்தில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. விரலை அதில் வைத்தபடி அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் புரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க் முன்னால் நின்றேன்.

அவள் பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டேனே தவிர, காது அங்கேயே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் ஒரு முறை ஷிஃப்ட் பட்டன் கனமாக விழுந்தது. வேண்டாம் என்று நினைக்க நினைக்க எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு சத்தம் நின்றது.

"எண்ணுனியாம்மா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"ஆமா."

"எத்தன?"

"பதினொண்ணு."

ஒரே ஒரு பட்டனை அவள் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் அழித்தாள். மறுபடி தொடங்குவதற்கு முன் அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் குழாயைச் சத்தம் வரும்படி முழுசாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்துத் திரும்பக் கழுவினேன்.