எளிய ஆங்கிலக்காரர்

எங்கள் கந்தோரில் அவரை எளிய ஆங்கிலத்தின் காவலர் என்று சொல்லுவார்கள். அவர் அதை மறுப்பதில்லை. மறுப்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான். பத்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், என் மரியாதையை அவரளவுக்கு இழந்த மனிதர் வேறு ஒருவர் இல்லை. களவெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஒரு கூச்சமாவது இருந்தது.

எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. ரொறன்ரோவில் குறைந்த வாடகை வீட்டுக்குக் காத்திருக்கிறவர்களின் பட்டியலை வைத்திருந்த ஓர் அரசாங்க அலுவலகம். பேரைப் பதிந்துவிட்டுச் சனம் வருடக்கணக்காகக் காத்திருக்கும். கைப்பிள்ளையோடு வந்து பதிந்தவர்கள், அந்தப் பிள்ளை ஹைஸ்கூல் போகும் வயதில் வீடு கிடைத்துப் போனதும் உண்டு. வருடம் ஒருமுறை ஒரு ஃபோம் நிரப்பி, இன்னும் காத்திருக்கிறோம் என்று அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். திரும்பப் பதிந்தால் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டியதுதான்.

நான் கவுண்டரில் இருந்தேன். அவர் எங்கள் பிரிவின் மனேஜர். நகரத்துக்கு வெளியே பிக்கரிங்கிலிருந்து ரெயிலில் வருவார்.

ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை ஒளிக்கக்கூடாது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் எனக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. அதில் ‘அபன்டன்’ என்றொரு சொல் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள், அகராதியையும் கையோடு கொண்டுவந்தவள். எடுத்துப் பார்த்தேன். கைவிடுதல் என்று போட்டிருந்தது. நான் ஆரைக் கைவிட்டேன்? தம்பியை முகாமில் விட்டுவிட்டு வந்ததை எப்படியோ அறிந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் அழுதேன். ஒரு ஃபோமின் இரண்டாம் பக்கத்தை நான் திருப்பி அனுப்பவில்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே ஒரு மனிதர் பச்சைப் பேனையோடு வந்து, “சனத்துக்கு விளங்காத கடிதம் கடிதமே இல்லை” என்று ஆங்கிலத்தில் முழங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீரைத் திருப்பி எடுக்கலாமா என்றிருக்கிறது.

அவரிடம் ஒரு சின்ன மேசை மணி இருந்தது, பழைய ஹோட்டல்களில் தட்டிக் கூப்பிடும் மணி. கூட்டங்களில் யாராவது பெரிய ஆங்கிலச் சொல்லொன்றைச் சொன்னால் டிங் என்று ஒரு தட்டுத் தட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சொன்னவர் எளிய சொல்லொன்றைத் தேடிச் சொல்லவேண்டும். எனக்கு மணி அடித்தார். எத்தியோப்பியாக்காரப் பொடியனுக்கு அடித்தார். பக்கத்துக் கவுண்டரிலிருந்த பிலிப்பைன்ஸ்காரிக்கு அவள் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் அடித்தார். வாரம் ஒருநாள் மனேஜருக்கும் மேலான டிரெக்ரர் வந்து அரை மணித்தியாலம் பேசுவார். அதில் ஒரு வசனமும் ஒருத்தருக்கும் விளங்காது. அந்த அரை மணித்தியாலமும் அந்த மணி சத்தமில்லாமல் இருக்கும். எங்கள் மனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு குறிப்பு எழுதுவார்.

நான் சேர்ந்த புதிதில் லீவு கேட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். ‘தங்கள் மேலான கவனத்துக்கு மிகத் தாழ்மையுடன் கொண்டுவருகிறேன்’ என்பதன் ஆங்கிலம். எங்களுக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். லீவு தந்தார். கடிதத்தை என் பேரை மட்டும் மறைத்துச் சாப்பாட்டறைச் சுவரில் குத்திவிட்டார், இப்படி எழுதக்கூடாது என்பதற்கு உதாரணமாக. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அவர்களோடு நின்று சிரித்தேன். அது எவ்வளவு கேவலமான சிரிப்பு என்பது சிரித்தவளுக்குத் தெரியும்.

ஒரு வருடம் எங்கள் கந்தோர் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே மாறியது. அதற்குச் சில மாதங்களின் பின் கவுண்டருக்கு ஒரு மனிதர் வந்தார். மட்டக்களப்புப் பக்கம். நகரத்தின் கிழக்கே வெக்ஸ்போர்டில் ஒரு பேக்கரியில் வேலை, மனுசியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மன்ற்றில் இருந்தார். கொம்பியூட்டரில் பார்த்தேன். அவருடைய பேர் பட்டியலில் இல்லை. ஃபோம் வரவில்லை, பேர் நீக்கப்பட்டது என்றிருந்தது.

“தங்கச்சி, நான் ஃபோம் தந்தனான். இந்தா, இது உங்கட சீல்தானே?” என்று அந்த ஃபோமின் கொப்பி ஒன்றை நீட்டினார்.

எங்கள் சீல்தான். கிடைத்தது என்று திகதியோடு அடித்திருந்தது. அதை அடித்ததே நானாகவும் இருக்கலாம்.

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் தேடினேன். பழைய மாடியில் ஒரு களஞ்சிய அறை இன்னும் எங்கள் பேரில் இருந்தது. கட்டடத்தைத் துப்புரவாக்கும் மனிதர் கதவைத் திறந்துவிட்டுப் போனார். உள்ளே ஏழு பெட்டிகள். மேலே பிரின்ரர் பேப்பர் என்று எழுதியிருந்தது. ஒன்றின் மேல் ஒட்டியிருந்த ரேப்பைக் கிழித்தேன். ஃபோம்கள். எல்லாவற்றிலும் எங்கள் சீல். அடுத்ததைக் கிழித்தேன். அதுவும் அப்படியே. கொம்பியூட்டரில் ஏற்றுவதற்கு முதலே யாரோ அவசரத்தில் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டு மாடி மாறியிருக்கிறார்கள். யேசுவே என்று சொல்லிக்கொண்டு அந்தத் தூசிக்குள் நிலத்தில் இருந்துவிட்டேன்.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“இதை யாரிடமும் சொன்னீர்களா?”

“இல்லை.”

“நல்லது. கடிதம் போகும்வரை சொல்லவேண்டாம். நாங்கள் கடிதம் அனுப்புவோம். நீங்களே ஒரு வரைவு எழுதுங்கள். எளிமையாக.”

எழுதினேன். அவர் இத்தனை வருடமாகப் படிப்பித்த எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதினேன். சின்ன வசனங்கள். நாங்கள், நீங்கள். செய்தவர் யார் என்பது வசனத்தின் முன்னுக்கு. ‘நீங்கள் ஃபோம் அனுப்பினீர்கள். நாங்கள் அதைத் தவறவிட்டோம். பிழை எங்களுடையது. உங்கள் பேரைப் பழைய இடத்திலேயே திரும்பப் போடுகிறோம்.’ மணி அடிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. கொண்டுபோய் மேசையில் வைத்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், பாராட்டு வரும் என்று நின்றேன்.

அவர் பச்சைப் பேனையை எடுத்து நாலு வசனத்தையும் வெட்டினார். மேலே தன் கையால் எழுதினார்: ‘உங்கள் ஃபோம் எங்கள் பதிவில் இல்லை. நீங்கள் அதை அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் முப்பது நாளுக்குள் அனுப்புங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பதியலாம்.’

“ஆனால் ஃபோம்கள் எங்களிடம் இருக்கின்றனவே” என்றேன்.

“இருக்கின்றன. பதிவில் இல்லை. நான் எழுதியதில் பொய் ஏதும் இருக்கிறதா?”

“சனம் கொப்பி எடுத்து வைத்திராது.”

“அது வேறு பிரச்சினை. வழக்கறிஞர்கள் பார்க்கவேண்டும், டிரெக்ரர் பார்க்கவேண்டும். எளிமை வேறு, எல்லாவற்றையும் கொட்டுவது வேறு” என்று சொல்லிவிட்டு, தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். “எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்” என்றார்.

பகிடி விடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தில் உண்மையான திருப்தி இருந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சும் தச்சனின் திருப்தி. அன்றைக்கு எனக்குள் அவர் முடிந்துபோனார்.

வழமையாக மொழிபெயர்ப்புகள் வெளியில் ஒரு கொம்பனிக்குப் போகும். இரண்டு கிழமை எடுக்கும். அவருக்கு அவசரம். தமிழ்க் கடிதத்தை நீங்களே செய்யுங்கள் என்றார். எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு ஒருவரும் இல்லை.

மத்தியானம் சாப்பிடாமல் இருந்து ரைப் பண்ணினேன். அவருடைய மூன்று வசனங்களையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அதன் கீழே என்னுடைய முதல் மூன்று வசனங்களையும் சேர்த்தேன். பேரைத் திரும்பப் போடுவோம் என்பதை எழுதவில்லை. அது என் கையில் இல்லை. பிழை எங்களுடையது என்ற வரியையும் விடாமல் ரைப் பண்ணினேன். வீரம் என்று ஒன்றுமில்லை. கந்தோரில் ஒருத்தருக்கும் விளங்காது என்ற தைரியம்தான்.

கடிதங்கள் போய் ஒரு கிழமையில் தமிழ்ச் சனம் வரத் தொடங்கியது. வெக்ஸ்போர்டிலிருந்தும் அதற்கு அங்காலும் இருந்து பஸ்ஸில் வந்தார்கள். முதல் ஆள் பேக்கரிக்காரர். அன்றைக்கு மனேஜர் தற்செயலாக என் பின்னால் நின்றார்.

“தங்கச்சி, பிழை உங்கட எண்டு இதில தெளிவா எழுதிக் கிடக்கு. நான் முந்தியே கொப்பியும் காட்டினனான். பிறகு என்னத்துக்கு என்னட்ட ஆதாரம் கேக்கிறீங்க?” என்று கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற மகள், பதினாறு வயதிருக்கும், அதை அப்படியே கணீரென்ற ஆங்கிலத்தில் மனேஜரைப் பார்த்துச் சொன்னாள்.

பத்து நிமிடத்தில் என்னை மனேஜரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தமிழ்க் கடிதம் மேசையில் கிடந்தது. அவர் பச்சைப் பேனையால் ஒரு வரியைத் தொட்டார்.

“இது என்ன சொல்கிறது?”

“அது இல்லை. அதற்குக் கீழே” என்று காட்டினேன்.

“இது?”

“பிழை எங்களுடையது.”

அவர் பேனையை மூடினார். “இந்தத் தொனி சரியில்லை” என்றார்.

“எந்தச் சொல் விளங்கவில்லை?” என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் நான் அப்படிக் கேட்டது அந்த ஒருமுறைதான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கீழே அவருடைய கையெழுத்து. முதல் வசனமே எட்டு வரி. ஒரு விடயம் அவதானிக்கப்பட்டிருந்தது, ஒரு நடைமுறை மீறப்பட்டிருந்தது, ஒரு முடிவு எட்டப்பட்டிருந்தது. அவதானித்தது யார், முடிவெடுத்தது யார் என்று தேடினால் ஒருத்தரும் இல்லை. அவர் மணி அடித்துத் துரத்திய சொல்லெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் வந்து குந்தியிருந்தன. நான் அகராதி எடுக்காமலே விளங்கிக்கொண்டேன். கவுண்டரிலிருந்து என்னைக் கடுதாசி ஸ்கான் பண்ணும் பகுதிக்கு மாற்றினார்கள்.

தமிழ்ச் சனம் விடவில்லை. பேக்கரிக்காரரும் இன்னும் சிலரும் இலவச சட்ட உதவி தரும் இடமொன்றுக்குப் போனார்கள். அங்கேயிருந்த ஒரு வழக்கறிஞர் தமிழ்க் கடிதத்தையும் ஆங்கிலக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது உண்மை என்று டிரெக்ரருக்கு எழுதினார். நாலு மாதத்தின் பின் ஏழு பெட்டிகளும் திறக்கப்பட்டன. எல்லோருக்கும் எல்லா மொழியிலும் இரண்டாவது கடிதம் போனது. நீங்கள் ஃபோம் அனுப்பினீர்கள், நாங்கள் அதைத் தவறவிட்டோம், பிழை எங்களுடையது, உங்கள் பேரைப் பழைய இடத்தில் போட்டிருக்கிறோம். கிட்டத்தட்ட என் வரைவுதான். கையெழுத்து அவருடையது.

அந்தக் கடிதத்துக்கு அவருக்குப் பாராட்டுக் கிடைத்தது. அரசாங்கம் தன் பிழையை நேராக ஒத்துக்கொள்வதற்கு நல்ல உதாரணம் என்று எங்கேயோ ஒரு மகாநாட்டில் அதைத் திரையில் போட்டுக் காட்டினாராம். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பத்திரம் தந்தார்கள். அதைக் கொண்டுவந்து, முன்பு என் லீவுக் கடிதம் குத்தியிருந்த சுவரில் மாட்டினார். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அவரைப் பற்றி இவ்வளவும் எழுதிய பிறகு என்னைப் பற்றி ஒன்றை விடமுடியாது.

பிலிப்பைன்ஸ்காரியும் நானும் வருடக்கணக்காக ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். அவள் என் மீன் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவாள், நான் அவளுடைய நூடில்ஸில் ஒரு கரண்டி எடுப்பேன். சொல்லவேண்டாம் என்று மனேஜர் சொன்னார் என்பதற்காக, பெட்டிகளைப் பற்றி அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. கடிதம் போன பிறகும் சொல்லவில்லை. தமிழ்க் கடிதத்தில் செய்ததையும் சொல்லவில்லை.

அவளுடைய மாமி ஒருத்தியின் ஃபோமும் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்திருக்கிறது. ஆங்கிலக் கடிதம்தான் போயிருக்கிறது. ஆதாரம் இல்லை. வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க இனி வயதில்லை என்று மனிசி வினிபெக்கில் ஒரு மருமகனோடு இருக்கப் போய்விட்டாள். இரண்டாவது கடிதம் பழைய விலாசத்துக்கு வந்து திரும்பியது. திரும்பி வந்த கடிதங்களை ஸ்கான் பண்ணுவது என் வேலை. நான்தான் ஸ்கான் பண்ணியிருப்பேன். பேரைக் கவனித்திருக்கமாட்டேன்.

கேக் வெட்டிய அன்றைக்குத்தான் அவளுக்கு முழுக் கதையும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வந்து நின்றாள்.

“உனக்கு எப்போது தெரியும்?”

“தொடக்கத்திலிருந்து.”

“பெட்டிகளைக் கண்டதே நீயா?”

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு அந்தச் சொல் தெரியும்.

“என்னிடம் ஒரு வார்த்தை. மேசையில் இருந்து, மெதுவாக, ஒரு வார்த்தை. நான் மாமியிடம் சொல்லியிருப்பேன்.”

மனேஜர் சொன்னார் என்று சொல்ல வாய் எடுத்தேன், அது என் காதிலேயே அவருடைய குரலாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்க மேசைக்குப் போனாள்.

மனேஜர் அடுத்த வருடம் பென்ஷன் எடுத்தார். இப்போது அரசாங்க ஊழியர்களுக்கு எளிய எழுத்துப் பற்றி வகுப்பெடுக்கிறாராம். பேக்கரிக்காரருக்கு இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. பிலிப்பைன்ஸ்காரியும் நானும் இன்னும் அதே கந்தோரில்தான் இருக்கிறோம். லிஃப்ற்றில் கண்டால் காலை வணக்கம் சொல்லுவாள். நானும் சொல்லுவேன்.