கிண்ணியாப் பாதையும் கழகம் மாறிய சென்டர் ஹாப்பும்

“...கயிற்றை அவன்ட கையில குடுக்காம விட்டன் எண்டா நான் மஜீது இல்ல. எழுதி வெச்சிக்கங்க!”

கிண்ணியாத் துறையடித் தேநீர்க்கடைக்குள் நான் கால் வைத்தபோது காதில் விழுந்த முதல் வாசகம் இதுதான். வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணி. சொன்னவர் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். உள்ளங்கைகள் இரண்டும் பழைய செருப்பின் அடிப்பக்கம் போலத் தடித்துக் கறுத்திருந்தன. கடையில் இருந்த எவரும் அவர் சொன்னதை எழுதி வைக்கவில்லை. நான் மட்டும் சட்டைப்பைக் கொப்பியை எடுத்து எழுதினேன். ஊருக்கு ஊர் கோயிலும் கோட்டையும் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் போகிற இடமெல்லாம் மனிதர் வாயைப் பார்க்கிறவன்.

மட்டக்களப்பில் இருந்து புறப்பட்டு, தோப்பூரில் நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, மூதூர் வழியாக அன்று வந்து சேர்ந்திருந்தேன். மூதூரில் இருந்து கிண்ணியா பத்து மைல் சொச்சம். பஸ் காசு எல்லாமாக அறுபது சதம். காசு சொற்பம், பாடுதான் பெரிது. ஆறு குறுக்கிடும் இடங்களில் மூட்டையோடு இறங்கி, அக்கரை போய், அங்கே நிற்கும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

பதினைந்து சதத் தேநீர் ஒன்றை வாங்கிக்கொண்டு, “யாருக்குக் கயிறு குடுக்கப் போறார்?” என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“நீங்க வெளியூரா? இங்க ரெண்டு கிழமையா வேற கதையே இல்ல. லாபிர் கழகம் மாறிட்டான்.”

லாபிர், கிண்ணியாக் கழகத்தின் சென்டர் ஹாப். நடுக்களத்தில் நின்று பந்தைப் பறித்து, முன்னால் நிற்பவனுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆள். பட்டணத்துத் துறைமுகத்தில் கொத்து வேலை செய்யும் மேசன்மார் பகுதியில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வேலையைத் தேடிக் கொடுத்தவர்கள் பட்டணத்துக் கழகத்துக்காரர்கள். வேலை ஒரு கையில், ஜேர்சி மறு கையில். நாளைச் சனிக்கிழமை, பட்டணத்து மைதானத்தில் இரண்டு கழகங்களுக்கும் கால்பந்து மச். அங்கே லாபிர் தன்னுடைய ஊருக்கு எதிராக இறங்கப் போகிறான்.

“அதுக்கும் கயிற்றுக்கும் என்ன?” என்றேன்.

பதில் சொன்னவர், அண்ணன் முறையில் ஊரே ‘காக்கா’ என்று கூப்பிடும் அந்த மஜீதுதான். அவர் கிண்ணியாப் பாதையில் வேலை செய்பவர். பாதை என்று கிழக்கில் நாங்கள் சொல்வது ரோட்டை அல்ல. ஆட்களையும் லொறிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் தட்டையான மிதவையை. கரைக்குக் கரை கட்டியிருக்கும் தடித்த கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் அது நகரும். ஏறும் ஆட்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஏறுகிற ஆண்பிள்ளை எவரும் கொஞ்ச நேரம் கயிற்றில் கை வைப்பது மரியாதை. நீளக் காற்சட்டை போட்ட உத்தியோகத்தரும் வைப்பார்.

“ஆனா பந்தடிக்கப் போற நாளில எங்கட கழகத்துப் பொடியன்கள் தொடப்படாது,” என்றார் காக்கா. “அவங்க ராசா மாதிரி நடுவில இருப்பாங்க. ஊரு இழுக்கும். ஏழு வருசமா லாபிர் நடுவில இருந்து போனவன். நாளைக்கு இழுக்கட்டும். அவன்ட மூஞ்சியையும் ஊரு பாக்கட்டும்.”

“அவர் வேற வழியால போயிட்டா?”

“எந்த வழியால? தோணிக்காரன்கள் ஒருத்தனும் ஏத்தமாட்டான், அவங்க என்னை விட மோசம். கந்தளாய் சுத்தி, கண்டி ரோட்டால கப்பல்துறை தாண்டி வந்தா மச் முடிஞ்சி விளக்கும் வெச்சிருக்கும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “போன வருசம் கோப்பை எடுத்தப்ப அவனைத் தோளில தூக்கினவன் நான், தம்பி. தோளெலும்பு இண்டைக்கும் நோகுது.”

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே துறையடியில் சனம் நிறைந்துவிட்டது. கொடி, தகரப் பேணி, ஊதுகுழல். பன்னிரண்டரைப் பாதையில் ஒரு லொறியை மட்டும் ஏற்றிவிட்டு மிச்ச இடமெல்லாம் ஆட்களே. நடுவில், கழகத்துப் பதினொரு பேரும் பச்சை ஜேர்சியில் குந்தியிருந்தார்கள். பாதையைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றைக் கழற்றும் நேரத்தில் கடைத்தெருப் பக்கமிருந்து ஒருவன் நடந்து வந்தான். உயரம் குறைவு, கெண்டைக்கால் மட்டும் மரம் மாதிரி. கழுத்தில் பூட்ஸ் இரண்டும் நாடாவில் தொங்கின. கக்கத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. உள்ளே என்ன நிற ஜேர்சி என்று எல்லோருக்கும் தெரியும். தகரப் பேணிகள் தாமாக நின்றுபோயின.

“காக்கா, கயிற்றை அவிழுங்க! அவனை ஏத்தாதீங்க!” என்று ஒருவன் கத்தினான். “பத்துப் பேரோட விளையாடட்டும் அவங்கள்!”

ஓர் அடி தள்ளினால் போதும், பாதை கரையை விட்டுவிடும். மச்சும் பாதி வென்ற மாதிரித்தான். எல்லோரும் காக்காவையே பார்த்தார்கள்.

“அந்த வேலை எனக்குத் தெரியாது,” என்றார் காக்கா. “பாதை அரசாங்கத்திட. கயிறுதான் என்ட.”

லாபிர் ஏறினான். பழக்கத்தில் இரண்டு அடி நடுப்பக்கம் வைத்தும்விட்டான். காக்கா இழுகயிற்றைத் தூக்கி அவனுக்கு முன்னே நீட்டினார். அவன் பொதியை வைக்க இடம் தேடினான். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் தயிர்ச் சட்டிக் கூடையோடு இருந்த, எல்லோரும் ராத்தா என்று அழைக்கும் ஒரு பெண்மணி, “இஞ்ச தா மகன், தயிர் படாது,” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவனும் கயிற்றைப் பிடித்தான். எனக்கும் வெறுங்கையோடு நிற்கப் பிடிக்கவில்லை; பக்கத்தில் போய்க் கை வைத்தேன். காக்கா என் கையை எடுத்துவிட்டார். “நீங்க விருந்தாளி. சட்டை ஊத்தையாகும். அங்கால இருங்க.”

ஏறக்குறைய இருபது நிமிடம். வெயில் உச்சியில். நீரில் ஒரு சுருக்கம் இல்லை. கயிறு நனைந்து ஏறி நனைந்து இறங்கும் சத்தம் மட்டும். முதலில் கிண்டல் வந்தது: “துறைமுகத்துத் துரை, நல்லா இழுங்க!” “சம்பளம் வாங்கிற கை, நோகாது!” அவன் திரும்பவில்லை. பாதி தூரத்துக்குப் பிறகு கிண்டலும் ஓய்ந்துவிட்டது. தயிர்க்கார ராத்தாதான் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “ஏழு வருசமா அவன் உங்களுக்குப் பந்தடிச்சான். அவன்ட வீட்டு உலையில என்ன கிடக்குது எண்டு ஒருத்தராவது கேட்டீங்களா?”

“ராத்தா, உங்களுக்குப் பந்தடி விளங்காது,” என்றார் காக்கா.

“ஓம். எனக்கு உலைதான் விளங்கும்.”

அக்கரையில் பட்டணத்து பஸ் நின்றது. பன்னிரண்டு மைல், எழுபது சதம். நெரிசலில் பலர் மிதிபலகையில் தொங்கினார்கள்; ஆனால் லாபிருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. நான் போய் உட்கார்ந்தேன். சீனன்குடாவைத் தாண்டினோம். வலப்புறம் துறைமுகம் திறந்து, நங்கூரமிட்ட கப்பல்கள் தெரிந்தபோது அவனே கையை விரித்துக் காட்டினான். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது.

“கால் நல்லாத்தான் இருக்கு,” என்றான்.

“விளையாடாம விட ஏலாதா, இண்டைக்கு மட்டும்?”

“ஏலாது, அண்ணன். மூணு மாசம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவாங்க. இண்டைக்கு இறங்காட்டி திங்கக்கிழமை வேலைக்கு வர வேணாம் எண்டு சொல்லிட்டாங்க.” கப்பல்களைப் பார்த்தபடி சொன்னான்: “ஊரு தோளில தூக்கிச்சு, இல்லை எண்டு சொல்லல்ல. தோளில இருந்து இறங்கினா வீட்ட போய்ச் சோறு திங்கோணுமே.”

இதையும் நான் எழுதிக்கொண்டேன். அவன் பார்த்துச் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றரை மணிக்கு மச். மைதானம் கடலை ஒட்டியது. நுழைவு ஐம்பது சதம். கடற்பக்கம் கிண்ணியா ஆட்கள், ரோட்டுப்பக்கம் பட்டணத்தார். பந்து இரண்டு முறை கடலுக்குப் போய், ஆட்டம் நின்று, ஒருவர் நீந்தி எடுத்து வந்தார். நான் மஜீது காக்காவோடு கடற்பக்கத்திலேயே நின்றேன். பாதையைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நீல ஜேர்சியில் லாபிர் பந்தைத் தொட்ட ஒவ்வொரு தரமும் எங்கள் பக்கம் கூவென்று கூவினார்கள். காக்காவின் கூவல்தான் நீளம். அவன் தலை நிமிரவில்லை. முதற்பாதியில் நன்றாகவும் ஆடவில்லை. ரோட்டுப்பக்கத்தில் கதிரை போட்டிருந்த பட்டணத்துக் கழகத்துப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதை நான் கண்டேன். திங்கட்கிழமை அவனுக்கு வேலை இருக்குமா என்று நினைத்தேன்.

முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கலாம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. லாபிர் தன் பாதியில் பந்தைப் பறித்தான். ஒருவனை வெட்டி ஏமாற்றினான். இன்னொருவனுடைய கால்களுக்கு நடுவே விட்டு அந்தப் பக்கம் போய் எடுத்தான். அப்போது நடந்ததை நான் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கடற்பக்கம் முழுவதும் எழும்பியது. ஏழு வருடம் அந்த ஓட்டத்துக்கு எழும்பிய கால்கள், நிறத்தைப் பார்க்கவில்லை. “லாபிர்! விடாத! விடாத!” எல்லோருக்கும் மேலே, தண்ணீரில் கரை தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரலில், மஜீது காக்கா கைகள் இரண்டையும் தூக்கிக் கத்தினார்: “வலப்பக்கம்! வலப்பக்கம் குடுடா!”

லாபிர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலப்பக்கம் கொடுத்தான். அங்கே எதிராளி இல்லாத இடத்தில் ஓடி வந்த நீல ஜேர்சிக்காரன் ஒரே அடி.

கிண்ணியாப் பக்கம் “கோல்!” என்று குதித்தது. குதித்த கால் நிலத்தில் படுவதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. காக்காவின் கைகள் மட்டும் இன்னும் மேலே இருந்தன. இறக்க மறந்துவிட்டார்.

ஒன்றுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிந்ததும் பெரியவர்களில் ஒருவர் கதிரையை விட்டு வந்து லாபிரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். திங்கட்கிழமை நிச்சயம் என்று எனக்குப் புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் தோற்ற ஊரின் பேச்சை எதிர்பார்த்தேன். பேசினார்கள்தான், ஆனால் சீனன்குடா வரும்போது யாரோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். “காக்கா, கோல் அடிச்சது யாரு? லாபிரா, நீங்களா?” அதோடு பஸ் முழுவதும் உடைந்தது. “மச் பாக்கப் போனவரா, படிப்பிக்கப் போனவரா?” “அடுத்த மச்சுக்கு வாயைக் கட்டித்தான் கூட்டிப் போகோணும்!” காக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் மட்டக்களப்பில் என்றால், கழகம் மாறியவனோடு இரண்டு வருடம் முகம் பார்க்க மாட்டோம். எங்கள் ஊரில் இரண்டு பேரும் கோபத்தோடு வேறு வேறு ரோட்டால் போய்விடலாம். இங்கே எல்லோரும் வீட்டுக்குப் போக ஒரே ஒரு பாதை. அது நல்லதா கெட்டதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆறு மணி தாண்டித் துறையடிக்கு வந்தோம். நீரில் வெளிச்சம் மட்டும் மிச்சம். தயிர்க்கார ராத்தா வெறும் சட்டிகளோடு ஏற்கெனவே ஏறி இருந்தார். பச்சை ஜேர்சிக்காரர்கள் நடுவில் போய்க் குந்தினார்கள். கடைசியாக, பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்து இறங்கி வந்த லாபிர் நீல ஜேர்சியோடேயே ஏறினான். இந்தத் தடவை நடுப்பக்கம் ஓர் அடியும் வைக்கவில்லை. நேரே ஓரத்துக்குப் போய், ஒருவரும் நீட்டுவதற்கு முன்பே கயிற்றைத் தானாகவே எடுத்தான். ஈரக் கயிறு உரிந்த தோலில் பட்டதும் முகம் ஒருமுறை சுளித்தது.

காக்கா அவனுக்கு முன்னால் போய் நின்றார். பாதை முழுவதும் காதாக இருந்தது.

“ஏண்டா வலப்பக்கம் குடுத்த?”

“நீங்கதானே காக்கா கத்தினீங்க.” லாபிர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். “காது பழகிட்டு.”

காக்கா இன்னும் ஓர் அடி கிட்ட வந்தார். மீசையைத் தடவினார். நீரைப் பார்த்தார். பிறகு, “விடு கயிற்றை,” என்றார்.

“காக்கா, சொன்ன சொல்லு என்னாச்சு?” என்று பின்னால் இருந்து ஒரு குரல். “நான் மஜீது இல்ல எண்டீங்களே!”

“போகக்குள்ளதான் சொன்னன். வரக்குள்ள சொல்லல்லையே.”

லாபிரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை வாங்கினார். அவன் தோளைப் பிடித்து நடுப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினார். பச்சை ஜேர்சிகள் ஒதுங்கி, ஒரு நீல ஜேர்சிக்கு இடம் விட்டன. பிறகு திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்து, “சட்டை ஊத்தையாகட்டும்,” என்று அந்த ஈரக் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.