அலசும் தொட்டியில் நல்லெண்ணெய்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பீன்யாவில் ஒரு நிக்கல் முலாம் பட்டறையில் இருந்தேன். பேருக்கு கெமிஸ்ட், சம்பளத்துக்கு டிரெயினி. பொம்மசந்திராவில் இருந்து ஒரு கம்பெனிக்காரர் எங்கள் வேலை சுத்தமா என்று பார்க்க வருகிறார், பாஸ் ஆனால் உன்னை நிரந்தரமாக்குகிறேன், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வரும் நாள், ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்று காலையில் ஒரு இரும்புத் தகட்டை அலசும் தொட்டியில் இருந்து தூக்கினேன். சுத்தமான இரும்பில் தண்ணீர் ஒரே படலமாக வழியும். இதில் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். மேலே முலாம் போட்டால் தோலாய் உரியும்.

மேஸ்திரியிடம் காட்டினேன்.

"சோடாவுல ஊற வெச்சியா?"

"வெச்சேண்ணா."

சூடான காஸ்டிக் சோடாவில் எண்ணெய் நிற்காது. இரும்பில் தட்டையாகப் படிந்திருக்கும் துளி ஓரத்தில் இருந்து சுருண்டு, உருண்டையாகி, கழன்று மேலே போய்விடும். வேலை இல்லாத நாட்களில் கண்ணாடிக் குடுவையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் இந்த எண்ணெய் சோடாவுக்குப் பிறகு வந்தது. அலசும் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். விளிம்பில் சந்தனம், குங்குமம், கவிழ்ந்து கிடந்த ஒரு அகல். தண்ணீர் மேல் மினுமினுவென்று நல்லெண்ணெய். மேலே வரும் தகடெல்லாம் அதைப் பூசிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"இங்கயுமாண்ணா விளக்கு வெச்சீங்க?"

"எல்லாத் தொட்டிக்கும் வெச்சிட்டு இத மட்டும் வுட்டா கோச்சுக்காதா?"

"இப்ப கோச்சுக்கிட்டுதான் இருக்கு. தண்ணிய தொறந்து வுட்டுடலாம்."

"தண்ணி டேங்கர் நாளைக்குத்தான்பா. ஸ்வல்ப வேற ஏதாவது யோசி."

பழைய கன்னடப் பேப்பரைத் தாள் தாளாகத் தண்ணீர் மேல் விரித்து, எண்ணெயை உறிஞ்ச வைத்து எடுத்தேன். தகடுகளைத் திரும்பவும் சோடாவில் போட்டு அலசினேன். தண்ணீர் ஒழுங்காக வழிந்தது.

கம்பெனிக்காரர் வந்தார். ஒரு தகட்டை வாங்கி, கட்டைவிரலால் நடுவில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். நடுவில் வகிடு எடுத்த மாதிரி தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது.

"இன்னாங்க, தண்ணி உடையுதே. இத எப்படி பாஸ் பண்றது?"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"சார், அது உங்க கட்டைவிரல்," என்றேன்.

மேஸ்திரி என் காலை மிதித்தார். கம்பெனிக்காரர் விரலைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடு."

கொக்கியோடு தூக்கிக் கொடுத்தேன். இந்த முறை அவரும் கொக்கியைத்தான் பிடித்தார். தண்ணீர் எங்கேயும் உடையவில்லை. பாஸ்.

அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் முதலாளி சொன்னார்: "உன் வாய்க்கு இன்னிக்கே உன்ன அனுப்பணும். ஒண்ணாந்தேதில இருந்து பர்மனென்ட். இனிமே ஆள் வந்தா நீ பேசாத."