தன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்தவள்

தன் சொந்த வீட்டுக்குள் கால் வைக்க, எங்கள் சுற்றுலா வண்டியில் ஓர் இருக்கை வாங்கினாள் ஜுஜுனா.

காலையில் திபிலிசியில் கிளம்பி, ககேத்திக் கிராமங்களில் மூன்று ஒயின் வீடுகளைப் பார்த்து, இரண்டாவது வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் சின்ன வண்டி அது. ஏழு பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம். நான் வழிகாட்டி, கேலா டிரைவர். அன்றைக்கு வந்தவர்கள் ஒரு போலந்துத் தம்பதி, கொரியாவிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்கள், கறுப்புக் கண்ணாடியும் கட்டையாக வெட்டிய நரைமுடியுமாக ஓர் இத்தாலியக்காரி. மரியா என்று பதிவு செய்திருந்தாள். நானும் நம்பி, எனக்குத் தெரிந்த நாலு இத்தாலிய வார்த்தைகளையும் அவளிடம் செலவழித்தேன்.

கேலாவுக்கு ஒரு வழக்கம். வழியில் சர்ச் தெரிந்தால் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்வான். எங்கள் ஊரில் மலைக்கொரு சர்ச்.

"கேலா, கடவுள் உன் கையைப் பாத்தது போதும். நீ ரோட்டைப் பாரு" என்றேன்.

"நீ நம்பாதவ, எகா. உனக்கும் சேத்துத்தான் போடறேன்."

"எனக்காகப் பிரேக்கைப் போடு. அது போதும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாங்கள் பேசியது எங்கள் மொழியில். போலந்துக்காரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் அது புரிய வழியில்லை. திரும்பிப் பார்த்தேன். இத்தாலியக்காரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கொம்போரி மலை உச்சியைத் தாண்டியதும் ரொட்டி சுடும் வீட்டில் நிறுத்தினோம். மற்றவர்கள் அடுப்புக்குள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் என்னை முழங்கையால் இடித்து ஓர் ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

"என் பேரு ஜுஜுனா. மரியா நான் பாத்துக்கிட்ட கிழவியோட பேரு. பொண்ணே, நீங்க சாப்பிடப் போற வீட்டுக்காரன், ரெஸோ, அவன் என் பையன்."

எனக்கு ரெஸோவைத் தெரியும். வாரம் தவறாமல் அவன் வீட்டில் சாப்பிடுகிறோம். நல்ல பையன், நல்ல குரல். அம்மா இல்லாமல் வளர்ந்தவன் என்பது ஊருக்கே தெரியும். அந்த அம்மா யாரோ ஓர் இத்தாலியனோடு ஓடிப்போனவள் என்பதும் ஊருக்கே தெரியும்.

"யாரோடயும் ஓடல" என்றாள் அவள், நான் கேட்காமலே. "ஓடியிருந்தா நல்லா இருந்திருப்பேன். இத்தாலில பாரின்னு ஒரு ஊர்ல கிழவிங்களைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். போன் பண்ணா வெச்சிடறான். நேர்ல போனா கேட்டைத் தெறக்க மாட்டான். விருந்தாளியா போனா தொரத்த முடியாதில்ல? ஒரு வேளை அவன் கையால பரிமாறினதைச் சாப்பிட்டுட்டு வந்துடறேன். ஒண்ணும் பேச மாட்டேன். நீ காட்டிக் குடுத்துடாதே."

விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்று எங்களவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கடவுள் அனுப்பினால் உள்ளே வரலாம், பெற்றவள் தானாக வந்தால் வெளியே நிற்க வேண்டும். இந்தப் பெருமையை நானே வண்டியில் ஒலிபெருக்கியில் சொல்லிப் பிழைக்கிறேன்.

மலை இறங்கும்வரை அவள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்தால் அவள் கதை இவ்வளவுதான்.

பதினெட்டு வயதில் ஒமாரி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த வீட்டில் ஒயின் தாழிகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருக்கும். பெண் எட்டிப் பார்த்தால் ஒயின் புளித்துவிடும் என்பது அங்கே சட்டம். ஆனால் தாழி காலியானதும் அதே பெண்ணைக் கயிறு கட்டி உள்ளே இறக்குவார்கள். ஜுஜுனா சின்ன உடம்புக்காரி, குறுகிய வாய்க்குள் நுழைவாள். செர்ரிப் பட்டைத் துடைப்பத்தால் உள்சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கழுவும்போது தீட்டு இல்லை, நிறைந்திருக்கும்போதுதான் தீட்டு. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் தீட்டு கண்டுபிடித்தவன் கழுவுகிற வேலையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டதில்லை.

ரெஸோ பிறந்த வருஷம், வழக்கப்படி, ஒரு தாழி ஒயினை அவன் கல்யாணத்துக்கென்று மூடினார்கள். மூடிக் கல்லைச் சுற்றிக் களிமண் பூச ஆள் இல்லை. ஆண்கள் குடித்துவிட்டுக் கிடந்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூசியவள் ஜுஜுனா. அந்தக் களிமண் காயக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் காற்று உள்ளே போகும். ரெஸோவுக்கு ஏழு வயதாகும்வரை அந்த மண்ணைக் காயவிடாமல் நனைத்தது அவள் கை.

பிறகு ஆலங்கட்டி மழையில் தோட்டம் இரண்டு வருஷம் தொடர்ந்து அழிந்தது. ஒமாரி முற்றத்தில் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து முடித்ததும் இத்தாலிக்குப் போக வேண்டியவள் ஜுஜுனா என்று தெரிந்தது. அங்கே ஆண்களுக்கு வேலை இல்லையாம். முறையான காகிதம் இல்லாமல் தங்கியவள் வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வரவில்லை. அவள் அனுப்பியதில் கூரை வந்தது, கல்சுவர் வந்தது, சுற்றுலாக்காரர்கள் உட்காரும் நீள மேசை வந்தது. மரியாக் கிழவி இறந்த பிறகுதான் ஊர் திரும்பினாள்.

பெண்டாட்டி சம்பாத்தியத்தில் வீடு கட்டினான் என்று ஊர் சொல்லுமே என்று ஒமாரிக்குக் கூச்சம். ஓடிப்போனாள் என்று சொன்னான். காசு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது என்றான். பையன் நம்பினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒமாரி செத்தும் போனான். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். பேசாமல் இருந்தால், அவன் சொன்ன பொய்க்கு மட்டும் சாவே கிடையாது.

"நீங்க அவன்கிட்ட எடுத்துச் சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றேன்.

"போன்லயா? 'அம்மா பேசறேன்'னு சொல்றதுக்குள்ள டொக்குனு சத்தம் வரும். அந்த டொக்கு எனக்கு அவ்வளவு பழக்கம். அதுவாவது அவன் கையால வர்ற சத்தம்தானேன்னு அடுத்த ஞாயித்துக்கிழமையும் பண்ணுவேன்."

முதல் ஒயின் வீட்டை முடித்துக்கொண்டு போனபோது ரெஸோ கேட்டில் நின்றிருந்தான். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். ஜுஜுனா முறை வந்தபோது கண்ணாடியைக் கழற்றாமல் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தாள். ஒரு விருந்தாளி பிடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தாள். அவன் புன்னகைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டான்.

தாழி அறைக்குக் கூட்டிப்போனான். எப்போதும் சொல்வதைச் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். கடைசியில் மூலையிலிருந்த மூடிய தாழியிடம் வந்தான்.

"இது நான் பொறந்த வருஷத்து ஒயின். இன்னும் யாரும் தெறக்கல. வர்ற அக்டோபர்ல எனக்குக் கல்யாணம். அன்னிக்குத் தெறப்போம்."

கொரியப் பெண்கள் கைதட்டினார்கள். கல்யாணம் என்பது ஜுஜுனாவுக்கு அப்போதுதான் தெரியும். குனிந்து தாழியின் வாயைப் பார்த்தாள். இந்த வருஷக் கோடை கொடுமை. மூடிக் கல்லைச் சுற்றியிருந்த களிமண் வெளுத்து, ஒரு பக்கம் முடிபோல விரிசல் விட்டிருந்தது. யோசிக்க நேரம் எடுத்திருந்தால் சும்மா நின்றிருப்பாள். யோசிக்கவில்லை. மண்டியிட்டாள், விரலால் விரிசலைத் தடவினாள், தலை நிமிராமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடு."

எங்கள் ஊரில் தாய் தன் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாள். மகனோ மகளோ, 'அம்மா' என்பாள். தகப்பன் தன் பிள்ளையை 'அப்பா' என்பான். பெற்றவளைத் தவிர வேறொரு பெண் ஓர் ஆணை அப்படி அழைக்க மாட்டாள். ஏழு வயதுக்குப் பிறகு ரெஸோவை யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள்.

அவன் அசையாமல் நின்றான். அவளுக்கும் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்திருக்கும். நீட்டிய கை அப்படியே நின்றது. போலந்துக்காரர் தோமாஷ் என்னைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்றேன். அது பொய்யில்லை.

ரெஸோ வெளியே போனான். திரும்பி வரமாட்டான் என்று நினைத்தேன். மண்குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான். அவள் விரலை நனைத்து விரிசலை மூடினாள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான்.

சாப்பாட்டு மேசையில் அவன்தான் தமதா, அதாவது ஒவ்வொரு கோப்பையையும் யாருக்காகக் குடிப்பது என்று சொல்லி விருந்தை நடத்துகிறவன். திராட்சைச் சுள்ளியில் சுட்ட இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கத்தரிக்காயும் வந்தன. ஜுஜுனாவின் தட்டில் அவனே இறைச்சியை வைத்தான். அவள் கேட்டுவந்தது அதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

முதல் கோப்பை அமைதிக்கு. இரண்டாவது விருந்தாளிகளுக்கு. மூன்றாவது இறந்தவர்களுக்கு. ரெஸோ ரொட்டித் துண்டை ஒயினில் நனைத்துக்கொண்டு எழுந்தான். நேராக ஜுஜுனாவைப் பார்த்தான்.

"இந்த வீட்டைக் கட்டின எங்கப்பாவுக்காக. விட்டுட்டுப் போகாதவருக்காக."

அதை மொழிபெயர்க்கும்போது 'கட்டின' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எழுந்து, கட்டியவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கத்தலாம்போல இருந்தது. ஜுஜுனா மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். பிறகு எழுந்து நின்றாள். ஒமாரிக்காக, அந்தப் பொய்க்காரனுக்காக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

நாலாவது எப்போதும் அம்மாக்களுக்கு. ஆண்கள் எல்லாரும் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்று குடிப்பார்கள். அந்த நேரத்தில் அம்மாக்கள் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ரெஸோ அன்றைக்கு அதைத் தாண்டி, அறுவடைக்கு என்று கோப்பையைத் தூக்கினான்.

"அம்மாக்களுக்கு ஒண்ணு உண்டுன்னு எகா வண்டியில சொன்னாங்களே?" என்று தோமாஷ் கேட்டார். நல்ல மனிதர். எதுவும் தெரியாது அவருக்கு. அதை நான் ரெஸோவுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன்.

ரெஸோ கோப்பையைக் கீழே வைத்தான். வெகுநேரம் அதைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அலாவெர்தி" என்றான். தமதா தன் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கிற சொல் அது. கொடுத்தால் மறுக்கக் கூடாது. "இவங்க சொல்லட்டும். அம்மாக்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

ஜுஜுனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவன் மூக்கு, அவன் புருவம். கொரியப் பெண்கள்கூட அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எனக்கு நல்லாப் பேச வராது. பாரி ஊர்ல ஒரு கிழவியைப் பாத்துக்கிட்டேன். கடைசி மாசத்துல அவளுக்கு நெனப்பு தப்பிடுச்சு. ராத்திரியும் பகலும் அவ பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. பொண்ணு வரல. அவளுக்கும் ஏதோ கோவம் இருந்திருக்கும், நான் குத்தம் சொல்லல. கூப்பிட்டப்பல்லாம் நான் 'இதோ இருக்கேம்மா'ன்னேன். அது பொய்தான். ஆனா கூப்பிடறவளுக்கு யாராவது பதில் சொல்லணுமில்ல? எனக்குத் தெரியும், பதில் வராத பக்கம் எப்படி இருக்கும்னு." கோப்பையைத் தூக்கினாள். "அம்மாக்களுக்கு வேணாம். யார் கூப்பிட்டாலும் 'இருக்கேன்'னு சொல்றவங்களுக்காக."

முறைப்படி தமதா பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்துவைக்க வேண்டும். ரெஸோ கோப்பையை எடுத்தான். எழுந்து நின்றான். குடித்தான். உட்கார மறந்து அப்படியே நின்றான்.

கிளம்பும்போது எல்லாருக்கும் கை கொடுத்தான், ஜுஜுனாவுக்குத் தவிர. அவள் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பணத்தில் போட்ட கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலா வண்டியை முடுக்கியபோது ரெஸோ என் பக்கத்துக் கதவைத் தட்டினான்.

"எகா, அடுத்த தடவை எப்ப வர்றீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அவங்களுக்கு ஒரு சீட்டு போட்டு வை." வண்டிக்குள் பார்க்கவில்லை. "மண்ணு காஞ்சு போகுது. எனக்குச் சரியா வரல."

அதிலிருந்து செவ்வாய் தவறாமல் ஜுஜுனா எங்கள் வண்டியில் வருகிறாள். மரியா என்ற பெயரும் கறுப்புக் கண்ணாடியும் போய்விட்டன. கொம்போரி மலை இறங்கியதும் பேச்சை நிறுத்திவிடுவாள். கேலா இப்போது அவளுக்காகவும் சேர்த்துச் சிலுவை போடுகிறான். நானும் திட்டுவதில்லை, வளைவுகளில் தவிர. கல்யாணத்துக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அக்டோபரில் மட்டும் விடுப்பு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான்.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மூலைத் தாழியின் அருகே மண்டியிடுகிறாள். கையைப் பின்னால் நீட்டுகிறாள்.

"அம்மா, தண்ணி."

அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் குவளையைத் தரையில் வைக்காமல் அவள் கையில் கொடுத்தான். அவள் அதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் கையிலும் குவளை இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.