ஹீட்டர் இல்லாத வண்டி

ஜனவரி மாதக் காலையில் ஸ்வெட்டர், சாக்ஸ், கழுத்தைச் சுற்றி ஒரு ஷால் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, காருக்குள் ஏசியை முழு வேகத்தில் வைத்து ஓட்டிப் போகும் ஒரு பெண்ணை நீங்கள் ஷார்ஜாவில் பார்த்திருந்தால், அது நானாகத்தான் இருக்கும். எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. மூடுபனி இறங்கும் நாட்களில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிடும், ஏசிக் காற்று பட்டால்தான் தெளியும். மற்றவர்கள் கூடவே ஹீட்டரையும் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வண்டியில் குமிழைச் சிவப்புப் பக்கம் எவ்வளவு திருகினாலும் ஐஸ் காற்றுதான் வந்தது. எங்கள் வீடு இருக்கும் முவைலாவிலிருந்து தொழில்பேட்டைக்குள் இருக்கும் பெயிண்ட் ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துவிடும். ஆய்வகத்தில் முதல் கால் மணி நேரம் டீ கிளாஸைத் தவிர வேறெதையும் என்னால் பிடிக்க முடியாது.

நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி அது. வாங்கியது, ஓட்டியது, கழுவியது, திட்டியது எல்லாம் என் கணவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்குவதுதான் என் வேலையாக இருந்தது. லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன், அவர் ஊரில் இல்லாத நாட்களில் காய்கறிக் கடை வரை போய்வருவேன். முழு வண்டியும் என் தலையில் விழுந்தது அவர் கோயம்புத்தூருக்குப் போன பிறகுதான்.

அவருக்கு வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு என் விசாவின் கீழ் வந்தார். மனைவி ஸ்பான்சர், கணவர் குடும்ப விசா. இங்கே அது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் அவருக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ "யார் ஸ்பான்சர்?" என்று கேட்டால் என்னைக் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். மகன் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். போன ஆகஸ்டில், பழைய நண்பர் ஒருவர் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் பங்குக்குக் கூப்பிட்டார் என்று இவரும் கிளம்பினார்.

விமான நிலையத்தில் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "ஆறு மாசம் முடியறதுக்குள்ள வந்துருவேன். வண்டிய மட்டும் வித்துராத. நா வந்து ஓட்டோணும்."

ஆறு மாதம் என்பது இங்கிருக்கும் குடும்பங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. குடும்ப விசாவில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா செத்துவிடும். அதனால் ஊருக்குப் போய்விட்ட மனைவிகளும் பிள்ளைகளும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பறந்து வந்து, இரண்டு நாள் தங்கி, ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கால் வைத்துவிட்டுப் போவது'. என் கணவர் கால் வைக்க வேண்டிய கெடு பிப்ரவரி முதல் வாரம். சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அவர் வந்து ஓட்டுவதற்காகத்தான் அந்த வண்டியைக் காப்பாற்றினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஃபாக்டரிக்குப் போய்வரக் கம்பெனி பஸ் இருந்தது. அதில் ஏறியிருந்தால் குளிரில்லாமல் தூங்கிக்கொண்டே போயிருக்கலாம். நான்தான் பிடிவாதமாக அந்தக் கிழட்டு வண்டியை எடுத்தேன். நின்றுபோன வண்டி கெட்டுப்போகும் என்று அவர் சொல்லியிருந்தார்.

முதலில் தினமும் போன் செய்வார். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். எங்கள் பேச்சு முழுக்க வண்டிதான். "டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?", "காலைல ஸ்டார்ட் பண்ணி ஒடனே எடுத்தறாத, ரெண்டு நிமிஷம் ஓட உடு", "ஆயில் குச்சிய எடுத்துத் தொடச்சிட்டுப் பாத்தியா?" சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற கேள்விகள் இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன. வண்டியில் எதுவும் பழுதில்லை என்றால் இரண்டே நிமிடத்தில் "சரி, வெச்சிர்றேன்" என்பார்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டியில் இல்லாத சத்தங்களை உண்டாக்கினேன். "ஏனுங்க, இடது பக்கம் திருப்பறப்ப கட்டுக் கட்டுனு ஒரு சத்தம் வருதுங்க" என்பேன். உடனே அவர் குரலில் உயிர் வந்துவிடும். வேகமாகப் போகும்போதா, மெதுவாகவா? பிரேக் போட்டால் நிற்கிறதா? ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதும் வருகிறதா? இருபது நிமிடம், அரை மணி நேரம் ஓடும். அடுத்த நாள், "ஆமாங்க, நீங்க சொன்ன மாதிரியே டயர்ல கல்லு மாட்டியிருந்துச்சு" என்று நானே அந்தச் சத்தத்தை முடித்துவைப்பேன். அவருக்கு அப்படி ஒரு பெருமை. டிசம்பர் மாதம் முழுக்க இப்படியே ஓட்டினேன். ஒருநாள் எந்தச் சத்தத்தை எந்தப் பக்கம் சொன்னேன் என்று எனக்கே குழம்பி, அதன் பிறகு ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் நிஜமாகவே பழுதுகள் வந்தன. ஒரு திங்கட்கிழமை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற ஒலி மட்டும்தான். கோடை வெயிலில் உள்ளே வெந்துபோன பேட்டரி, குளிர் வந்ததும் கைவிரித்துவிட்டது. கீழ்த்தளத்து மளிகைக் கடைக்காரர் தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்ய உதவினார். அந்த வாரமே மழை பெய்தது. வருடத்தில் நாலைந்து நாள்தான் மழை என்பதால் வைப்பரை யாரும் நினைப்பதேயில்லை. வெயிலில் நார்நாராகக் கிழிந்திருந்த ரப்பர், தண்ணீரைத் துடைக்காமல் கண்ணாடி முழுக்க இழுத்துப் பூசியது. தேங்கிய தண்ணீரில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, சத்தமாக அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். காருக்குள் அழுவதில் ஒரு வசதி, பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்காது.

மறுநாள் காலை பார்க்கிங்கில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு சிறு குட்டை. பதிவு புதுப்பிக்க வண்டியைப் பாஸிங் என்னும் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய மாதமும் அதுதான். ஒழுகும் வண்டியைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை தொழில்பேட்டையில் என் கணவருடைய வழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் லாகூர்க்காரர், என் கணவரை விட வயதில் மூத்தவர், அவரை 'பாய் சாப்' என்பார். அண்ணனின் மனைவி என்ற உறவில் நான் 'பாபி'.

"பாய் சாப் கப் ஆயேகா, பாபி?" என்று கேட்டுக்கொண்டேதான் பானெட்டைத் திறந்தார். எப்போது வருவார் என்று.

"ஃபிப்ரவரி" என்றேன்.

டார்ச் அடித்துப் பார்த்தவர் என்னையும் குனியச் சொன்னார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் வளைந்து போய், கிளம்பியவிடத்துக்கே திரும்பி வந்து மாட்டியிருந்தது. அது வெடித்துத்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது என்றார். இது எதற்கு என்று கேட்டேன். ஹீட்டருக்குப் போக வேண்டிய குழாய் என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஹீட்டர் உள்ளே ஒழுகியதாம். அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். "பாய் சாப் போலா, துபாய் மே ஹீட்டர் கிஸ்கோ சாஹியே? கலாஸ், பைபாஸ் கரோ." இந்த ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும், அதை விட்டுவிட்டுக் குழாயைச் சுற்றிவிடு என்று என் கணவர் சொல்ல, குழாயை எஞ்சினுக்கே திருப்பி மாட்டிவிட்டார்கள். இங்கே பாதிப் பழைய வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு குளிர்காலம் அந்தப் பக்கத்து சீட்டில் நடுங்கியிருக்கிறேன். ஹீட்டரைப் போடுங்கள் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், "ஹீட்டர் போட்டா பெட்ரோலு குடிக்கும் கண்ணு, ஷால இழுத்துப் போத்திக்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். நானும் போர்த்திக்கொண்டேன். நான் வேதியியலில் முதுகலை படித்தவள். எஞ்சினில் எப்படியும் வீணாகும் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே அனுப்புகிறது, அதற்குத் தனியாகப் பெட்ரோல் வேண்டாம் என்பதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அவர் சொன்னார் என்பதால் யோசிக்கவே இல்லை. என் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

"குழாயை மட்டும் மாற்றட்டுமா?" என்று மெக்கானிக் கேட்டார். இல்லை, டேஷ்போர்டைக் கழற்றுங்கள், ஹீட்டரைப் போடுங்கள் என்றேன். பாய் சாப்பிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றார். "மே போல் ரஹீ ஹூம், கரோ" என்றேன், நான் சொல்கிறேன், செய்யுங்கள் என்று. கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன். அன்றைக்கு உண்டாக்கிய சத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

"ஹீட்டர எட்டு வருசத்துக்கு முந்தியே எடுத்துட்டீங்களாமா?"

முதலில் சிரித்தார். "அட, அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கறானா அவன்?"

"பெட்ரோல் குடிக்கும்னு ஏனுங்க சொன்னீங்க?"

"அப்ப ஏதோ வாய்க்கு வந்தது. மாத்தறதுக்கு ரெண்டு நாளு வண்டிய உடோணும், உனக்கு எதுக்கு அந்தத் தொல்லைன்னுதான்." கூடவே சொன்னார். "இப்ப எதுக்கு அதுக்குச் செலவு? பேசாம வண்டிய வித்துரு."

"அப்ப நீங்க வந்து எத ஓட்டுவீங்க?"

பின்னால் கடையில் யாரோ இரும்பை இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு, "பிப்ரவரில சீசன் ஆரம்பிச்சிரும். அந்நேரத்துல கடைய உட்டுட்டு வர முடியாது. பாக்கலாம்" என்றார்.

"விசா போயிருமுங்க."

"போனாப் போகுது. வேணும்னா விசிட் விசால வந்துக்கறேன்."

பெட்ரோல் குடிக்கும் என்று சொன்ன அதே குரல். ஒரு தொல்லையைத் தவிர்க்க வேண்டும் என்றால் அவருக்கு அந்தக் குரல் வந்துவிடும், அதில் கோபமோ கள்ளமோ இருக்காது. வர மாட்டார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காலண்டரைப் பார்த்தபடி இரண்டு வாரம் இருந்தேன்.

வண்டி பாஸானது. சோதனை செய்தவர் ஒரு குறையும் சொல்லவில்லை. புதிய பதிவு அட்டையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார். ஹீட்டரும் வேலை செய்தது. முதல் நாள் காலில் சூடு பட்டதும் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சுகமான ஒன்றை எனக்கு வேண்டாம் என்று இன்னொருவர் முடிவு செய்திருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. பிறகு, பகிர்ந்துகொள்ள ஆளில்லையே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் வட்டம் போட்ட தேதி கடந்தது. அவர் அன்றைக்குப் பேசவே இல்லை. அடுத்த வாரம் அனுமதி கேட்டு மதியம் ஃபாக்டரியிலிருந்து கிளம்பி, அவர் விசாவை ரத்து செய்ய, விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் தம்பி வயதிருக்கும். தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார் திரும்பி வருவாங்களாக்கா? வர்றதா இருந்தா கேன்சல் பண்ண வேணாம். இன்ன காரணத்தால தங்கிட்டாங்கன்னு எழுதி பெர்மிஷன் கேக்கலாம். பெரும்பாலும் கிடைச்சிரும். வரலைன்னா கேன்சல்தான். எது போட?"

அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் மத்தியான வெயில் இதமாக இருந்தது. காரணம் எழுதினால் போதும், இன்னொரு முறை கால் வைக்கலாம், பிடிவாதம் எதற்கு, நானே கேட்டுவிடுகிறேன் என்று அவர் எண்ணை அழுத்தினேன். வாங்க என்று சொல்ல வேண்டும். வண்டிக்காக இல்லை, விசாவுக்காக இல்லை, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"என்ன, வண்டில ஏதாச்சும் பிரச்சனையா?"

"இல்லீங்க. வண்டி நல்லாருக்குது."

"அப்பறம் எதுக்குக் கூப்ட்ட?"

உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வியில் துளி எரிச்சல் இல்லை. அவருக்கு அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

"சும்மாதானுங்க" என்றேன். சரி, வெச்சிர்றேன் என்றார். உள்ளே போனேன். டைப்பிங் சென்டர்க்காரர் விரல்களைத் தட்டச்சுப் பலகையின் மேல் வைத்தபடி காத்திருந்தார்.

"வர மாட்டாருங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்.