பாபநாசம் அருகே ஒரு ஹாலைக் காலி செய்யப் போன கதை

போன ஜூலையில், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்குப் போய்க்கொண்டிருந்த வாரம், என் அக்கா ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். காரணம் அத்தான். அவர் பெயர் ஆரோக்கியராஜ், தோஹாவில் பல வருடமாக மரவேலை பார்க்கிறார். சென்னையில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து பிழைக்கிற எனக்கு அவர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

“ஜெனி, இங்க பெரிய பெரிய வீட்டுக்கெல்லாம் ஹாலு போட்டுக் குடுக்கறோம். உள்ள ஒண்ணுமே இருக்காது. தாழ்வா ஒரு பலகை, ஒரு பாய், ஒரு வெளக்கு. வேல முடிஞ்சு அதுல ஒரு நிமிஷம் நின்னா மூச்சு அப்படி எறங்குது. அப்புறம் ரூமுக்கு வந்தா எட்டு பேரு, மேல ஒரு கட்டிலு, கீழ ஒரு கட்டிலு. அடுத்த மாசம் லீவுல வர்றேன். நம்ம ஹால அப்படி ஆக்கிக் குடு. நடுவுல கால நீட்டிப் படுக்கணும். அவ்வளவுதான்.”

அவர் கேட்டதற்கு எங்கள் தொழிலில் ‘ஜபாண்டி’ என்று பெயர். ஜப்பான் வீட்டின் வெறுமையும் ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து வீடுகளின் வெளிர் மரமும் சேர்ந்த கலவை. சென்னையில் இதற்கு வாடிக்கையாளர்கள் க்யூவில் நிற்கிறார்கள். டெல்டாவில் ஒரு ஜபாண்டி ஹால் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கு ஹால், எனக்கு ஒரு வலைப்பதிவு, உங்களுக்குப் பொருள் வாங்கும் இடங்களின் விவரம் என்று மூன்று மாங்காய்க்குத் திட்டம் போட்டேன். பதிவு என்னவோ கிடைத்துவிட்டது, அதைத்தான் படிக்கிறீர்கள்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் தஞ்சாவூர். அங்கிருந்து பாபநாசம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். கும்பகோணம் பேருந்து எதில் ஏறினாலும் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். குறுவை நட்டு முடித்த வயல்கள் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தன. பாபநாசத்திலிருந்து அக்காவின் ஊருக்கு ஆட்டோ, நூறு ரூபாய்.

முதல் நாள் முழுக்கக் கொள்முதல். கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலில் சாயம் போடாத கோரைப்பாய் கிடைக்கும். கும்பகோணத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், வண்டி பேசிக்கொண்டு போவது நல்லது. “கலர் பாய் எடுத்துக்கங்கம்மா, கல்யாணத்துக்கு எல்லாரும் அதத்தான் கேப்பாங்க” என்று கடைக்காரர் மன்றாடினார். எனக்கு வெறும் பாய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக ஆறடிப் பாய் ஒன்று வாங்கினேன். திரும்பும்போது சுவாமிமலையில் இறங்கி, வேலைப்பாடு எதுவும் இல்லாத சின்ன விளக்கு ஒன்று. பட்டறையில் இருந்தவர்கள் சிலைகளைக் காட்டக் காட்ட, நான் மூலையில் கிடந்த மொட்டை விளக்கைக் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள்.

அக்காவின் ஹாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் ஊரிலிருந்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போக ஆரம்பித்த பிறகு டெல்டாவில் எழும்பிய எல்லா ஹால்களையும் போலத்தான். மெரூன் சோபா செட், கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள், ஒரு சுவர் முழுக்கக் குடும்பப் போட்டோக்கள், மாதா படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் பல்பு, மூலையில் அக்காவின் தையல் மெஷின். தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவள் அவள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லீவு வருடம் உண்டு. “இது அவரு ரெண்டாவது தடவ வந்தப்ப” என்று அக்கா காட்டுவாள். அவற்றையெல்லாம் அகற்ற அவளைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. அவர் கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தலையாட்டினாள்.

மறுநாள் காலை அக்கா திரைச்சீலைத் துணி வாங்கக் கும்பகோணம் கிளம்பினாள். அவள் வருவதற்குள் ஹாலை முடித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. இரண்டு ஆட்களை வைத்து சாமான்களை வாசலில் இறக்கினேன். மாலையில்தான் வண்டி வந்து எடுத்துப் போகும். வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. சோபா நனைந்தால் அக்கா என்னை உரித்துவிடுவாள் என்று பக்கத்துத் தெருப் பந்தல்காரருக்குப் போன் போட்டேன். “உடனே வேணும்ணே, வீட்டு வாசல்ல, சாதாரணமா போதும். லைட்டு, தோரணம் ஒண்ணும் வேண்டாம்.”

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் சாமியானா நின்றது. நான் கேட்காமலே இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளும் இறங்கின. பணம் எடுக்கப் போனால், “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, நீங்க உள்ள போங்க” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். டெல்டா மனிதர்களின் பெருந்தன்மையைப் பற்றிப் பதிவில் ஒரு பத்தி எழுத வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நான் ஒரு மடச்சி.

உள்ளே ஹால் பிரமாதமாக வந்திருந்தது. வெள்ளைச் சுவர், பெருக்கித் துடைத்த தரை, நடுவில் கோரைப்பாய். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் படம் மாட்டாதே, ஒரே ஒரு படத்தைத் தாழ்ந்த பலகையில் சுவரோரம் சாய்த்து வை, பக்கத்தில் ஒரே ஒரு வெளிச்சம். அப்படியே செய்தேன். அத்தானின் படம், பக்கத்தில் சுவாமிமலை விளக்கு. போட்டோவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று விளக்கை ஏற்றியும் வைத்தேன்.

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. பத்து வருடமாக அலங்காரப் படங்களையே பார்த்துப் பார்த்து, ஒரு வீட்டைத் தெருவிலிருந்து பார்க்கிற கண்ணையே தொலைத்திருக்கிறேன்.

முதலில் எதிர்வீட்டு செல்வி வந்தாள். வாசற்படியில் நின்று பாயைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மளிகைக்கடை ஜமால் பாய், இன்னும் நாலைந்து பேர். ஹாலைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய் டீ போடட்டுமா என்று கேட்டேன். எல்லோரும் வேண்டாம் என்று தலையசைத்தார்கள். என்ன அடக்கம், ஜப்பான்காரர்கள் தோற்றார்கள் என்று நினைத்தேன்.

“ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?” என்று செல்வி மெதுவாகக் கேட்டாள்.

“இல்லக்கா, கும்பகோணம் போயிருக்கு. வந்து பாக்கட்டும்.”

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான், அவ்வளவு நேரம் கழித்து, எனக்கு உறைக்க ஆரம்பித்தது. வாசலைப் பார்த்தேன். வாழை மரம் கட்டாத பந்தல். வரிசையாக நாற்காலி. தெருவில் இறக்கிய சாமான். உள்ளே வெறும் ஹால், நடுவில் பாய், விளக்கோடு ஒரு மனிதரின் படம். பதறிக்கொண்டு, “ஐயோ, அத்தானுக்கு ஒண்ணும் இல்லக்கா! இது சும்மா அலங்காரம்!” என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் அக்கா நிற்பதைப் பார்த்தேன்.

அவள் என்னென்ன பார்த்தாள் என்பதை அப்புறம்தான் சொன்னாள். பேருந்திலிருந்து இறங்கியதும் ஜமால் பாயின் மளிகைக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். தெருவில் யாராவது இறந்தால்தான் பாய் அப்படி இறக்குவார். யார் வீடோ என்று ஜெபம் சொல்லிக்கொண்டே திரும்பியவள், தன் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்திருக்கிறாள்.

துணிப்பை கீழே விழுந்தது. ஓடவில்லை, அழவில்லை. நிதானமாக நடந்து வந்து என் முன்னால் நின்று, “எப்ப?” என்றாள்.

“அக்கா, ஒண்ணும் ஆகல. சாமான் நனையக் கூடாதுன்னு நான்தான் பந்தல் போடச் சொன்னேன். அத்தான் நல்லா இருக்காங்க.”

நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைச் சென்னையிலிருந்து போன எனக்கு அப்புறம் அவள்தான் சொன்னாள். வெளிநாட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால், கூட இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போன் பண்ண மாட்டார்கள். எதிர்வீட்டுக்குப் பண்ணுவார்கள். பெண்டாட்டி தனியாக இருக்கும்போது கேட்டுவிடக் கூடாதாம். எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் வந்து உட்காருவார்கள். கேட்டால், ஒன்றும் இல்லை, லேசாக உடம்புக்கு முடியவில்லையாம் என்பார்கள். உண்மை கடைசியில்தான் வரும்.

அக்கா செல்வியிடம் திரும்பினாள். “குவைத்துலேர்ந்து உன் வீட்டுக்காரரு சேதி வந்தன்னைக்கு உன்கிட்ட நான் அப்படித்தானே சொன்னேன் செல்வி? ஒண்ணும் இல்லன்னு, உன் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னேன்ல. நீயாவது நெசத்தச் சொல்லுடி.”

செல்வி, “எனக்கு யாரும் போன் பண்ணலடி, பந்தலப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன், மாதா மேல சத்தியம்” என்று சொன்னாள். அவள் முருகனைக் கும்பிடுகிறவள். அக்காவுக்காக மாதாவின் பெயரைச் சொன்னாள். அதுவும் எடுபடவில்லை. அக்கா போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. வேலை இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஏற்றிய விளக்கை ஊதி அணைத்தேன். அணைத்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் என்னை நானே அவ்வளவு வெறுத்ததில்லை.

தோஹாவில் டீ நேரம் ஆகும்வரை, இங்கே பன்னிரண்டரை வரை, பந்தலில் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு போன் அடித்தது. வீடியோ அழைப்பு. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, வாயில் பன்னோடு அத்தான்.

“என்ன ஸ்டெல்லா இத்தன மிஸ்டு கால்? சிலிண்டர் தீந்துருச்சா?”

அக்கா அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், தோஹா வரை போனே இல்லாமல் கேட்டிருக்கும். “ஒனக்கு ஒண்ணுமில்லாத ஹாலு கேக்குதா? கால நீட்டிப் படுக்கணுமா? வா, வந்து படு, நானே கொன்னு போடறேன்!” செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். ஜமால் பாய் எழுந்து, “நான் போயி கடையத் தொறக்குறேம்மா” என்றார். பிறகுதான் எல்லோரும் டீ குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் சோபா, ஷோகேஸ், பொம்மைகள் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பின. தூக்கி வைத்ததில் நானும் உண்டு. பந்தல்காரர் மட்டும் கடைசி வரை என்னிடம் காசு வாங்கவில்லை. இந்தத் தடவை கோபத்தில்.

இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் பாய், விளக்கு வாங்கப் போகிறவர்களுக்கு: தைக்காலுக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பாய் பிரித்துக் காட்டச் சலித்துக்கொள்வார்கள். சுவாமிமலையில் எளிய விளக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், முன்னால் வைத்திருக்க மாட்டார்கள். ஊரில் ஹாலைக் காலி செய்வதானால் டிவியைக் கடைசியாக எடுங்கள், அதுவரை சத்தமாக ஓடட்டும். துக்க வீட்டில் டிவி ஓடாது. பந்தல் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாழை மரம் கட்டிவிடுங்கள். உயிரோடு இருக்கிறவரின் படத்தைத் தனியாகச் சாய்த்து வைக்காதீர்கள்.

ஆகஸ்டில் அத்தான் வந்தார். நானும் போயிருந்தேன், மன்னிப்புக் கேட்கத்தான். அவர் ஆசைப்பட்டாரே என்று அவர் வந்து சேர்ந்த பிறகு, அவரையே கூட வைத்துக்கொண்டு, அக்கா சாமான்களைப் பின்கட்டுக்கு மாற்றினாள். கோரைப்பாய் மறுபடி விரிந்தது. அத்தான் நடுவில் காலை நீட்டி, கையை மார்பில் வைத்து, மல்லாந்து படுத்தார். ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டார். எட்டுப் பேர் அறையில் கிடைக்காத தூக்கம்.

அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். போய் உலுக்கினாள். “ஒருக்களிச்சுப் படுங்க.” அவர் ஒருக்களித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மல்லாந்தார். அவள் மறுபடி உலுக்கினாள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, “இந்தப் பக்கம் புடி” என்றாள்.

இருவருமாகத் தையல் மெஷினை இழுத்து வந்து ஹாலில், அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டோம். ஜபாண்டிக்கு அதைவிடப் பெரிய துரோகம் இருக்க முடியாது. அக்கா உட்கார்ந்து செல்வியின் ஜாக்கெட்டை எடுத்து மிதிக்க ஆரம்பித்தாள். கடகடவென்று வீடே அதிர்ந்தது. தெருவரைக்கும் கேட்டிருக்கும். அத்தான் அசையவில்லை, குறட்டை மட்டும் கூடியது. அவள் நூல் மாற்ற நிறுத்தியபோதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

“ஏன் நிறுத்திட்ட?” என்று கேட்டார்.